ஏ-ஃப்ரேம் வாத்து மறைப்பு: சின்ன ஏரிக்குச் சரிப்படுமா?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கோரை மண்டிய சின்ன ஏரிகளில் வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் பலர் வாங்கும் மடக்கு மறைப்பு இது; வாத்தின் கண்ணில் படாமல் உள்ளே ஒளிந்திருக்க, ‘A’ எழுத்து வடிவில் இரு பக்கமும் சாய்ந்து, மேலே திறந்திருக்கும். அலுமினியச் சட்டம், கெட்டியான 600டி (டெனியர், நூலின் தடிமன் அளவு) பாலியஸ்டர் துணி, புல் செருக எலாஸ்டிக் பட்டைகள், சுட்ட வாத்தை எடுத்துவரும் நாய் போய்வர ஓரத்தில் ஜிப் வைத்த வழி. பெட்டியில் நான்கு பேருக்கு என்று போட்டிருப்பார்கள். மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது ஆள் சேர்ந்தால் நடுவில் உள்ள இருவரும் துப்பாக்கியைத் திருப்ப முடியாது. குழல் முனை பக்கத்து ஆளின் காதோரம் வந்து நிற்கும்.

சட்டம் உறுதி. குறை காலில்தான். சேற்றில் ஒரு கால் மட்டும் இறங்கினால் கீல் முறுக்கிக்கொள்ளும். பிறகு மடக்க வராது. ஒவ்வொரு காலுக்கும் அடியில் 15 செ.மீ. சதுர பிளைவுட் துண்டு ஒன்று போட்டால் தீர்ந்தது.

துணியில் அச்சடித்த கோரையை நம்பாதீர்கள். புதுத்துணி விடியல் வெளிச்சத்தில் பளபளக்கும். சேற்றைக் கரைத்துப் பூசி, காயவிட்டு, உதறிய பிறகு கொண்டுபோங்கள். செருகும் புல் அந்தக் கரையில் நிற்கும் புல்லாகவே இருக்கட்டும். பலர் முன்பக்கத்தை அடர்த்தியாகக் கட்டிவிட்டு மேல் திறப்பைக் கோட்டைவிடுவார்கள். மல்லார்ட் என்ற காட்டு வாத்து இறங்குமுன் இரண்டு மூன்று முறை வட்டமடிக்கும். மேலிருந்து அதன் கண்ணில் படுவது நீளமான ஒரு கறுப்புக் குழியும் உள்ளே அண்ணாந்து பார்க்கும் முகங்களும். கோரையை விளிம்புக்கு மேல் ஓரடி நீட்டி, இரு பக்கமும் உள்நோக்கிச் சாயவிடுங்கள். மூலைகளில் கொத்துக் கொத்தாகக் கட்டுங்கள். ஏரிக்கரையில் வேறெதுவும் பெட்டி வடிவில் இருக்காது. புல் கூடக்கூடக் காற்று பிடிக்கும், ஆகவே மூலைக்கொரு இழுகயிறு கட்டாயம்.

வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்று முதுகில் அடித்தால் அது மறைப்பையே பார்த்தபடி வரும். பக்கக் காற்றுதான் நல்லது. காலைச் சூரியன் பின்னால் இருக்கட்டும். வாத்துகளை ஈர்க்கத் தண்ணீரில் மிதக்கவிடும் வாத்துப் பொம்மைகள் 12 முதல் 18 போதும். (இப்படி இனத்தைக் காட்டி இனத்தை இழுக்க வைக்கும் விலங்குக்குப் பழந்தமிழில் ‘பார்வை’ என்று பெயர்.) நடுவே 20–25 கஜத்தில் இறங்க இடம் விட்டு, கடைசிப் பொம்மையை 35 கஜத்தில் போடுங்கள். சுடும் எல்லை அதுதான். அமெரிக்காவில் 1991 முதல் வாத்து வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. எஃகுக் குண்டு லேசானது, வேகம் சீக்கிரம் குறையும், எட்டத்தில் சுட்டால் பறவை காயத்தோடு தப்பிப் போய்விடும்.

இந்தியாவில் இந்த மறைப்பு கேமராக்காரர்களுக்கு மட்டுமே உதவும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்வரை துப்பாக்கிப் பேச்சே இல்லை.

ஈரத்தோடு உறையில் போட்டால் ஒரு வாரத்தில் பூஞ்சை. நாய்வழி ஜிப்பில் சேறு காய்ந்திருந்தால் பலமாக இழுக்காமல், தண்ணீர் ஊற்றிப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். ஒரு பல் போனால் முழு ஜிப்பையும் மாற்றித் தைக்க வேண்டியிருக்கும்.