வடைக்கு 80%, தேத்தண்ணிக்கு 40%

டச் பே பக்கம் இருக்கிற அந்தத் தேத்தண்ணிக் கடைக்கு வடைக்காகப் போகிறோம் என்றுதான் நாங்கள் நாலு பேரும் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறோம். உண்மையில் போவது ஹன்டர் எக்ஸ் ஹன்டர் கதைக்க. 2011இல் வந்த அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்), 148 எபிசோட், பார்த்து முடித்து இரண்டு வருஷமாகியும், அதில் வரும் நென் என்ற உயிர்ச்சக்தியைப் பற்றிய எங்கள் சண்டை மட்டும் முடியவில்லை. ஒரு பிளேன்டீயோடு இரண்டு மணித்தியாலம் இருந்தாலும் எழுப்பிவிடாத கடை, எனக்குத் தெரிந்து திருகோணமலையில் இது ஒன்றுதான்.

இறால் வடை அருமை. நாலரைக்குப் போனால் தாச்சியிலிருந்து நேரே தட்டுக்கு வரும், இறால் மீசை கருகி மொறுமொறு என்று இருக்கும். ரோல்ஸ் பரவாயில்லை. தேத்தண்ணிதான் ஒரு நாள் வெறும் சாயம், மறுநாள் சீனிப்பாணி. கதையில் ஒருவரின் நென் வகையைப் பார்க்க, தண்ணீர் நிறைந்த கிளாஸில் இலையை மிதக்கவிட்டு இரண்டு பக்கமும் கையை வைப்பார்கள். கதாநாயகன் கொன் வைத்தால் தண்ணீர் வழியும், அவன் கூட்டாளி கில்லுவா வைத்தால் இனிக்கும், அப்படிப் பார்த்தால் எங்கள் டீ மாஸ்டர் சந்தேகமே இல்லாமல் கில்லுவாவின் இனம். நாங்களும் வடையில் இருந்த கறிவேப்பிலையைப் போட்டுப் பார்த்தோம், எண்ணெய்தான் மிதந்தது. தண்ணீரில் கசடு வந்தால் அவர்களின் இன்னொரு கூட்டாளி குராப்பிகாவின் வகை என்று ஒருத்தன் அன்றிலிருந்து ஒரே பெருமை.

எங்கள் பெரிய சண்டையும் குராப்பிகாவால்தான். நென்னின் ஆறு வகைகளையும் ஒரு அறுகோணத்தின் மூலைகளில் வைத்தால், ஒருவருக்குச் சொந்த மூலை 100% கைவரும், பக்கத்து மூலை 80%, அதற்கடுத்தது 60%, எதிர்மூலை 40%. குராப்பிகாவின் கண் சிவந்தால் எல்லாமே 100%. அதற்கு மேல், 'சிலந்திகள்' என்ற கொள்ளைக் கூட்டத்தைத் தவிர வேறு யாரையாவது தன் நென் சங்கிலியால் கட்டினால் தன் உயிர் போகும் என்று ஒரு சத்தியம்; அப்படிச் சத்தியம் செய்தால் நென் பலம் கூடும். சரி, சத்தியம் தருகிற பலம் அந்த 100க்குள் அடங்குமா, அதற்கு மேலேயா? மேலேதான் என்பது என் கட்சி. சதவீதம் என்பது கை எவ்வளவு தூரம் எட்டும் என்பது, சத்தியம் என்பது கையில் இருக்கிற கத்தி, இரண்டையும் ஒரே கணக்கில் போட முடியாது. மூலக் கதையான மங்காவில் (ஜப்பானியச் சித்திரக்கதை) கண் சிவந்திருக்கும் ஒவ்வொரு செக்கனுக்கும் ஆயுளில் ஒரு மணித்தியாலம் போகிறதே, அதுவும் சத்தியம்தானே என்று எதிர்க்கட்சிக்காரன் விடமாட்டான்.

வடை கொண்டுவந்த முதலாளி ஒரு நாள் நின்று கேட்டுவிட்டு, "தம்பி, அந்தப் பெடியனுக்குத் தன்ர உயிரில ஆசை இருக்கோ? ஆசை இல்லாதவன் உயிரை வைச்சுச் சத்தியம் பண்ணினா, கவரிங் சங்கிலிய அடகு வைக்கிற மாதிரித்தானே" என்றார். நாலு பேருக்கும் வாய் அடைத்துவிட்டது. அவர் ஒரு எபிசோட் கூடப் பார்த்ததில்லை.

குறை என்றால் நாலே நாலு வாங்குதான், ஏழரைக்குக் கடையும் பூட்டிவிடுவார்கள். சனிக்கிழமை ஐந்துக்கு முன் போனால் கடல் பக்கம் இடம் கிடைக்கும். அறுகோணம் வரைகிற பேப்பரை மட்டும் தட்டுக்குக் கீழே வையுங்கள், போன கிழமை எங்கள் அறுகோணத்தில் ஒரு மூலையைத் தெருவில் திரிகிற மான் தின்றுவிட்டது.