டிஎஸ்3231: சிப்பைக் கும்பிடலாம், பலகையைத் திட்டத்தான் வேண்டும்

மைக்ரோகன்ட்ரோலர், அதாவது நிரல் எழுதி ஓட்டும் குட்டிக் கணினிச் சிப், பழகத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், டிஎஸ்3231 ஆர்டிசி மாட்யூல் (மின்சாரம் போனாலும் பேட்டரியில் நேரம் காக்கும் கடிகாரச் சிப் உள்ள பலகை) வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். செடிக்குத் தண்ணீர் விடும் டைமர், மேசைக் கடிகாரம், வெப்பநிலை பதியும் பெட்டி என்று நான் செய்த எல்லாவற்றிலும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதனால் என் பதில் அவருக்கு விளங்கவில்லை. விளக்கம் நீளமானது, இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் பேசுவது இசட்எஸ்-042 என்று அச்சிட்டு எங்கும் கிடைக்கும் அந்த நீலப் பலகையைப் பற்றி.

முதலில் சிப்பின் அருமையைச் சொல்லிவிட வேண்டும். ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகையில், ஓடத் தொடங்கியதிலிருந்து மில்லிவினாடிகளை எண்ணும் மில்லிஸ் கணக்கை வைத்தே கடிகாரம் செய்துவிடலாம் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறோம். அந்தக் கணக்கு 49 நாள் 17 மணி நேரத்தில் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும் என்பதுகூடப் பெரிய குறை இல்லை. ஊனோவின் துடிப்பைத் தருவது ஒரு செராமிக் ரெசனேட்டர். அது அரை சதவீதம் பிசகினாலே ஒரு நாளில் ஏழு நிமிடம் போய்விடும். அடுத்த படியாகப் பலர் வாங்குவது டிஎஸ்1307 என்ற ஆர்டிசி. அது வெளியே பொருத்திய வினாடிக்கு 32,768 முறை அதிரும் கிரிஸ்டலை நம்பி ஓடுகிறது. அறை சூடானாலும் குளிர்ந்தாலும் கிரிஸ்டலின் வேகம் மாறும். பத்து லட்சத்துக்கு 20 என்ற அளவில் பிசகினால் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் தவறும்.

டிஎஸ்3231 இந்த வம்பை உள்ளேயே முடித்துவிடுகிறது. கிரிஸ்டல் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. 64 வினாடிக்கு ஒருமுறை தன் வெப்பநிலையைத் தானே அளந்து, அதற்கேற்பக் கிரிஸ்டலின் ஓட்டத்தைத் திருத்திக்கொள்கிறது. 0 முதல் 40 டிகிரி வரை, பத்து லட்சத்துக்கு 2 என்ற எல்லைக்குள் நிற்கும் என்பது தயாரிப்பாளர் தரும் உறுதி. கணக்குப் போட்டால் வருடத்துக்கு ஒரு நிமிடம்தான். என் மேசைக் கடிகாரத்தைத் திருத்திவைக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வருவதில்லை. பொழுதுபோக்குக்காக வாங்கும் பாகங்களில் இவ்வளவு நாணயமாக நடந்துகொள்வது வேறு எதுவும் என் பெட்டியில் இல்லை.

இனிக் கோபத்துக்கு வருகிறேன். சென்ற வாரம் ஒரு மாணவரின் திட்டம் பழுது பார்க்க என்னிடம் வந்தது. கடிகாரம் 2000 ஜனவரி 1 என்று காட்டியது. பலகையைத் திருப்பினால் பேட்டரி வயிறு உப்பிக் கிடக்கிறது. அதில் இருந்தது சிஆர்2032, அதாவது சார்ஜ் செய்யக் கூடாத வகை. ஆனால் இந்தப் பலகையில் சார்ஜ் செய்யும் வழி இருக்கிறது! மின்வழங்கல் முனையிலிருந்து 200 ஓம் ரெசிஸ்டர், அடுத்து மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு டையோடு, அங்கிருந்து நேராக பேட்டரியின் நேர்முனை. அவ்வளவுதான் அந்தச் சுற்று. 5 வோல்ட் கொடுத்தால், டையோடில் இழப்பது போக, 3 வோல்ட் பேட்டரிக்குள் ஏழு மில்லியாம்பியர் அளவுக்கு மின்சாரம் தள்ளப்படுகிறது. உப்பாமல் என்ன செய்யும்?

சார்ஜ் ஆகும் எல்ஐஆர்2032 போட்டால் சரிதானே என்று கேட்கலாம். அந்தச் சுற்று அதற்காகத்தான் வைக்கப்பட்டது. ஆனால் அந்த பேட்டரியின் உச்சவரம்பு 4.2 வோல்ட். 5 வோல்டிலிருந்து ஒரு டையோடு இழப்பைக் கழித்தால் 4.4க்குக் குறையாது. பேட்டரி நிரம்ப நிரம்ப மின்னோட்டம் சுருங்கும். டையோடின் இழப்பும் சுருங்கும். மின்னழுத்தம் இன்னும் மேலே ஏறும். நிறுத்துவதற்கு அங்கே ஆளே இல்லை. தவறான பேட்டரி போட்டாலும் கெடுதல், சரியான பேட்டரி போட்டாலும் கெடுதல் என்று ஒரு சுற்றை வரைந்து, அதைத் தொடக்கநிலை மாணவர்களின் கையில் கொடுத்திருக்கிறார்கள். விற்பனைப் பக்கங்களில் துல்லியத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

மாற்று வழி எளிது. 201 என்று அச்சிட்டிருக்கும் அந்தக் குட்டி ரெசிஸ்டரையோ பக்கத்து டையோடையோ சால்டரிங் அயர்னால் சூடாக்கித் தள்ளிவிட்டால் சார்ஜ் வழி அடைபடும். அதன் பிறகு சிஆர்2032 போட்டு நிம்மதியாக இருக்கலாம். 3.3 வோல்டில் ஓடும் ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையும் தேவையில்லை. 3.3 வோல்ட் கொடுத்தால் போதும், சிப் 2.3 வோல்டிலிருந்தே ஓடும், டையோடு இழப்புக்குப் பிறகு பேட்டரிக்குள் ஏற மின்னழுத்தம் மிஞ்சாது. இரண்டு சிப்புகளும் பேசிக்கொள்ளும் ஐ2சி கம்பிகளும் 3.3க்குள் அடங்கி நிற்கும். அதே யுக்தியை ஊனோவில் செய்யலாமா என்றால், பெரும்பாலும் ஓடிவிடும், ஆனால் 5 வோல்டில் ஓடும் அதன் சிப் ஐ2சி கம்பியை ‘உயர்’ என்று ஏற்க விதிப்படி 3.5 வோல்ட் வேண்டும். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நம்பி நான் எதையும் பெட்டிக்குள் வைத்து மூடுவதில்லை.

சில்லறைக் குறைகளும் உண்டு. நேரம் காப்பதற்கு மைக்ரோஆம்பியர் கணக்கில் உண்ணும் சிப்புக்குப் பக்கத்திலேயே, மில்லியாம்பியர் கணக்கில் உண்ணும் ஒரு சிவப்பு விளக்கு அணையாமல் எரிகிறது. அலாரம் முனையை வைத்து மைக்ரோகன்ட்ரோலரைத் தூங்கவைத்து எழுப்பும் திட்டமென்றால் முதலில் அதைப் பிடுங்குங்கள். உடன் வரும் ஈப்ராம் என்ற நினைவகச் சிப்பை நான் தொட்டதே இல்லை. வெப்பநிலை அளவில் 3 டிகிரி வரை பிழை இருக்கலாம். அது சிப் தன் காரியத்துக்காக எடுப்பது, அறைக்கானதல்ல.

பலர் பலகையின் மேல் போடும் ஒரு பழிக்கு மட்டும் பலகை பொறுப்பல்ல. “மின்சாரம் போய் வந்தால் நேரம் பின்னால் போகிறது” என்பார்கள். நிரலைத் தொகுத்த (கம்பைல் செய்த) நேரத்தை ஒவ்வொரு தொடக்கத்திலும் கடிகாரத்தில் எழுதும் வரி செட்டப் பகுதியில் இருந்தால் அப்படித்தான் ஆகும். கடிகாரத்தின் துடிப்பு (ஆஸிலேட்டர்) இடையில் நின்றிருந்தால் சிப் அதற்கு ஒரு கொடியை உயர்த்தி வைக்கும். சிப்போடு பேச நிரலில் சேர்க்கும் லைப்ரரி அதைப் படித்துச் சொல்லும். கொடி இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

அப்படியானால் வேறு என்ன வாங்குவது? டிஎஸ்1307க்குத் திரும்பச் சொல்ல மனம் வரவில்லை. வைஃபை இருக்கும் திட்டத்துக்கு இணையத்திலிருந்தே நேரம் எடுக்கலாம், ஆர்டிசியே தேவைப்படாது. சார்ஜ் சுற்று இல்லாத ஐந்து முனைச் சிறு பலகைகளிலும் இதே சிப் வருகிறது. பேட்டரியைப் பற்றவைத்தே தருவார்கள் என்பதால் மாற்றுவது சள்ளை, ஆனால் உப்பாது.

என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியாதவர் இந்த நீலப் பலகையை வாங்க வேண்டாம். தெரிந்தவருக்கு வேறொன்றைச் சிபாரிசு செய்ய என்னிடம் எதுவும் இல்லை. என் அடுத்த திட்டத்துக்கும் இதையேதான் எடுத்து வைத்திருக்கிறேன், 201ஐ நீக்கிவிட்டு. ஏற்கெனவே வாங்கி மாட்டியிருப்பவர்கள் இன்றே பலகையைத் திருப்பி பேட்டரியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். உப்பியிருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு உடனே கழற்றுங்கள். நேரம் அழிந்தால் மறுபடி வைத்துக்கொள்ளலாம். உப்பாத பேட்டரியை மாற்றுவதென்றால், மின்சாரம் இருக்கும்போதே மாற்றுங்கள், கடிகாரம் நிற்காது.