குவாங்சோ மெட்ரோவின் ஒருநாள் அட்டை: கேன்டன் ஃபேர் போகிறவர்களுக்கு 20 யுவான் தகுமா?

சீனாவின் குவாங்சோ நகரில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகிற பெரிய வணிகக் கண்காட்சி கேன்டன் ஃபேர். அது ஒரு பருவத்துக்கு மூன்று கட்டமாக நடக்கும். ஒவ்வொரு கட்டமும் 5 நாள், நடுவில் அரங்கு மாற்ற 3 நாள் இடைவெளி. கோயமுத்தூரிலிருந்து பம்பு, மோட்டார், இயந்திரம் பார்க்கிறவர்கள் முதல் கட்டத்துக்குப் போவார்கள். திருப்பூர் பனியன்காரர்களும் கரூர், சென்னிமலை வீட்டுத்துணிக்காரர்களும் மூன்றாம் கட்டத்துக்கு. வேலை ஒரு நாள் முன்னால் முடிந்துவிடும், அல்லது சிங்கப்பூர் வழியாகக் கோவை வருகிற விமானம் மறுநாள்தான் தோதாகக் கிடைக்கும். ஆக, ஒரு முழுநாள் கையில் நிற்கும்.

அந்த நாளுக்கு ஓட்டலில் சொல்லி கார் ஏற்பாடு செய்துகொள்வதுதான் பலருடைய வழக்கம். அது வேண்டாம். பார்க்க வேண்டிய பழைய ஊர் முழுக்கக் குறுகிய தெருக்கள். கார் நிற்க இடமிருக்காது, பாதிநேரம் சிக்னலில் போய்விடும். மெட்ரோ அதே இடங்களுக்குக் கீழேயே ஓடுகிறது. அதன் ஒருநாள் அட்டை 20 யுவான். யுவான் ஒன்று 12 ரூபாய் என்று வைத்தால் 240 ரூபாய்.

அட்டையில் கவனிக்க வேண்டியது, அது 'ஒரு நாள்' அல்ல, 24 மணி நேரம். முதல் கேட்டில் தொட்ட நிமிடத்திலிருந்து கணக்கு. காலை 9 மணிக்குத் தொட்டால் மறுநாள் காலை 9 வரை செல்லும். இதைத் தெரியாமல் முதல்நாள் இரவு சாப்பிடப் போகும்போதே தொட்டுவிட்டு, மறுநாள் சாயங்காலம் கேட் திறக்காமல் நிற்கிறவர்கள் உண்டு. ஒருவருக்கு ஒரு அட்டை. இரண்டு பேர் மாற்றி மாற்றித் தொட முடியாது. பஸ்ஸுக்குச் செல்லாது. நிலையத்தில் இருக்கும் வாடிக்கையாளர் சேவைக் கவுண்டரில் கேட்டு வாங்க வேண்டும்.

இனி கணக்கு. மெட்ரோ கட்டணம் முதல் 4 கிலோமீட்டருக்கு 2 யுவான். 12 கிலோமீட்டர் வரை நாலு நாலு கிலோமீட்டருக்கு ஒரு யுவான் கூடும். அப்புறம் 24 வரை ஆறு ஆறு கிலோமீட்டருக்கு, அதற்கு மேல் எட்டு எட்டு கிலோமீட்டருக்கு ஒரு யுவான். ஃபேர் நடக்கும் பசோ பக்கத்திலிருந்து பழைய ஊருக்கு 5 யுவான் வாக்கில் வரும். பழைய ஊருக்குள் ஒவ்வொரு தாவலும் 2 அல்லது 3 யுவான். சாயங்காலம் கேன்டன் டவர் கோபுரத்துக்கு 4, அங்கிருந்து ஓட்டலுக்கு 2 அல்லது 3. எல்லாம் கூட்டினால் 20 யுவானைத் தாண்டாது. சுற்றிப் பார்க்க மட்டும் என்றால் அட்டையில் லாபமில்லை. ஆனால் மறுநாள் காலை அந்த 24 மணிக்குள் விமான நிலையம் போகிறீர்கள் என்றால் அந்தப் பயணமே 8 யுவான் வாக்கில். அப்போது அட்டை எடுப்பதுதான் சரி. இன்னொரு காரணமும் இருக்கிறது. போனில் பணம் கட்டுகிற வசதி கடைசி நேரத்தில் காலை வாரினாலும் அட்டை வாராது. வயசான அப்பாவையோ மாமாவையோ கூட்டிப் போகிறவர்கள் அவர்கள் கையில் ஆளுக்கொரு அட்டை கொடுத்துவிடுவது நிம்மதி.

போனைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். நம்ம யுபிஐ அங்கே ஆகாது. சீனாவில் பணம் கட்டுகிற செயலியான அலிபேயை ஊரிலிருந்தே இறக்கி, பாஸ்போர்ட் விவரம் கொடுத்து, விசா அல்லது மாஸ்டர் அட்டையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை பெரும்பாலும் 'முடியவில்லை' என்று வருவதற்குக் காரணம் அலிபே அல்ல. நம்ம வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முதலில் அடைத்தே இருக்கும். வங்கியின் செயலியில் போய் நாம்தான் திறக்க வேண்டும். ஓடிபி இந்திய எண்ணுக்கு வருவதால் அந்த சிம்மைக் கழற்றக் கூடாது. 200 யுவானுக்கு மேல் ஒரே தடவையாகக் கட்டினால் 3 சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள். சாப்பாட்டுக்கும் நுழைவுச்சீட்டுக்கும் அந்த அளவு வராது. சில்லறை நோட்டாக ஒரு 200 யுவான் வைத்திருங்கள்.

ஓட்டல் வைஃபையில் வாட்ஸப்பும் கூகுளும் வராது. இந்திய சிம்மில் ரோமிங் போட்டால் வரும், ஏனென்றால் அந்தத் தரவு நம்ம ஊர் வழியாகத்தான் சுற்றிப் போகிறது. ஆனாலும் கூகுள் வரைபடத்தை நம்பித் தெருவில் நடக்காதீர்கள். சீன வரைபடங்கள் வேறு ஆயத்தொலைவு முறையில் இருப்பதால் நீலப்புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி நிற்கும். அங்குள்ள ஆமேப் செயலியில் ஆங்கிலம் இருக்கிறது, அது போதும்.

துணித் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று: பையில் ஜிஎஸ்எம் கட்டர் (துணியின் எடை பார்க்க வட்டமாக வெட்டுகிற கருவி) வைத்துக்கொண்டு மெட்ரோவுக்குள் போகாதீர்கள். ஒவ்வொரு நிலையத்திலும் பையை ஸ்கேனரில் விடுவார்கள். உள்ளே பிளேடு தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள். கட்டர் போனால் போனதுதான். அதை ஓட்டல் அறையிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இப்போது வழி. 8-ஆம் லைன் பசோவிலிருந்து நேராக சென் குலமண்டபம் வரைக்கும் ஓடுகிறது, எங்கும் மாறத் தேவையில்லை. வழியில் ஜோங்தா நிலையம் வரும். துணிச்சந்தை அங்கேதான். கதவு திறந்ததும் கால் தானாக இறங்கப் பார்க்கும். இறங்கினால் அன்றைய நாள் அங்கேயே முடியும். சாம்பிள் பார்க்க வேண்டுமானால் வேறு நாள் வையுங்கள்.

சென் குலமண்டபத்தில் டி வாசலில் ஏறினால் எதிரிலேயே கட்டடம். நுழைவுச்சீட்டு 10 யுவான். கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இந்த இடத்தை விளக்கவே வேண்டியதில்லை. ஒரு கூட்டத்துப் பங்காளிகள் எல்லாம் சேர்ந்து தலைக்கட்டு வரி போட்டுக் குலதெய்வக் கோயில் எடுத்துக் கட்டுகிறோமே, அதேதான். குவாங்டாங் மாகாணத்தின் 72 வட்டாரங்களில் இருந்த சென் குலத்தார் பணம் போட்டு 1894-இல் கட்டி முடித்தார்கள். முன்னோருக்கு வழிபாடு ஒரு பக்கம். ஊர்நாட்டிலிருந்து அரசுத் தேர்வு எழுத நகரத்துக்கு வருகிற தங்கள் குலப் பையன்கள் தங்கிப் படிக்க இடம் இன்னொரு பக்கம். கட்டி முடித்துப் பத்துப் பன்னிரண்டு வருஷத்திலேயே, 1905-இல், அந்தத் தேர்வு முறையையே அரசு எடுத்துவிட்டது. இப்போது நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம்.

உள்ளே போனதும் எல்லாரும் அறைகளுக்குள் நுழைவார்கள். நீங்கள் முற்றத்தில் நின்று கூரையைப் பாருங்கள். நடுமண்டபத்தின் முகட்டில் 27 மீட்டர் நீளத்துக்கு வரிசையாக மனித உருவங்கள், மாடங்கள், நாடகக் காட்சிகள். இது பக்கத்து ஃபோஷானின் ஷிவான் சூளைகளில் துண்டு துண்டாகச் சுட்டு, மேலே ஏற்றிப் பொருத்திய மெருகிட்ட சுடுமண். அதற்குக் கீழே இன்னொரு வரிசை தெரியும். வண்ணம் பூசிய பூ, பறவை, சிங்கம். அது சுட்டதல்ல, நம்ம கோபுரத்தில் இருக்கிற மாதிரிச் சுதை. சுண்ணாம்பில் வைக்கோலும் காகிதக் கூழும் சேர்த்துப் புளிக்கவைத்து, கம்பி கட்டி, அந்த இடத்திலேயே கையால் பிடித்தது. சுட்டதில் மெருகு பளபளக்கும், சுதையில் வண்ணம் மங்கலாக ஒட்டியிருக்கும். குவாங்சோவின் ஈரக்காற்றுக்கும் மழைக்கும் சுதைதான் சீக்கிரம் கெடும், அடிக்கடி பழுது பார்க்க வேண்டும். இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டால் ஒன்றரை மணி நேரம் போவதே தெரியாது. வெளியே வரும்போது முன்சுவரில் இருக்கிற செங்கல் சிற்பங்கள் ஆறையும் கிட்டத்தில் பாருங்கள். செங்கல்லைத் தனித்தனியாகச் செதுக்கி, பிறகு அடுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். 

அங்கிருந்து அதே லைனில் ஒரு நிலையம் திரும்பினால் ஹுவாலின் கோயில். போதிதர்மர் கடல்வழியாக வந்து இந்த ஊரில்தான் கரையேறினார் என்பது சீன மரபு; ஆறாம் நூற்றாண்டு. 'மேற்கிலிருந்து வந்தவரின் முதல் இடம்' என்பதுதான் அந்தப் பகுதிக்கே பெயர். தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். காஞ்சிபுரம் என்று நாம் சொல்கிறோம். கோயில் பெரிதல்ல, 500 அருகர் (ஞானம் பெற்ற பௌத்தத் துறவிகள்) மண்டபம் மட்டும் நின்று பார்க்கத் தக்கது. சுற்றிலும் பச்சைக்கல் (ஜேட்) கடைகள். கல்லைத் தெரியாதவர்கள் அங்கே எதுவும் வாங்க வேண்டாம், சாயம் ஏற்றியதும் ஏற்றாததும் வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத்தான் இருக்கும்.

மத்தியானச் சாப்பாட்டில்தான் சைவக்காரர்கள் பாடுபடுவார்கள். 'சைவம்' என்று சொன்னால் கறித்துண்டு இல்லாமல் கொடுப்பார்கள், அவ்வளவுதான். வதக்கிய கீரைமேல் கருப்பாகப் பளபளவென்று ஊற்றுகிற ஆய்ஸ்டர் சாஸ் சிப்பியில் செய்தது. நூடுல்ஸ் சாறு பெரும்பாலும் எலும்பு வேகவைத்தது. பிஸ்கட், பஃப்ஸ் வகைகளில் பன்றிக் கொழுப்பு இருக்கும். காலையிலேயே ஓட்டல் வரவேற்பில் ஒரு தாளில் சீன எழுத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: கறி, மீன், முட்டை, ஆய்ஸ்டர் சாஸ், பன்றிக் கொழுப்பு, எலும்புச் சாறு எதுவும் வேண்டாம். ஆறையும் தனித்தனியாக எழுத வேண்டும். 'சைவம்' என்ற ஒரு சொல் போதாது. பௌத்தக் கோயில்களை ஒட்டி இருக்கிற சைவ உணவகங்கள் நம்பகமானவை. வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள்.

அந்தப் பக்கத்து ஷாங்சியாஜியூ நடைத்தெருவில் இனிப்புக் கடைகள் நிறைய. அங்கே இரண்டு பால் இனிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பார்க்க ஒரே மாதிரி வெள்ளையாக. ஒன்று 'இரட்டைத்தோல் பால்'. எருமைப்பால்தான், ஆனால் இறுகுவதற்கு முட்டை வெள்ளைக்கரு சேர்க்கிறார்கள். முட்டை சாப்பிடாதவர்கள் அதைத் தொட வேண்டாம். இன்னொன்று 'இஞ்சிப் பால்'. பால், சர்க்கரை, இஞ்சிச் சாறு, வேறொன்றும் கிடையாது. முற்றிய இஞ்சியை அப்போதே துருவிப் பிழிந்து, சாற்றைக் கிண்ணத்தின் அடியில் வைத்து, சுமார் 70 டிகிரி சூட்டில் இருக்கிற பாலை மேலேயிருந்து ஒரே ஊற்றாக ஊற்றுவார்கள். கலக்கக் கூடாது. நாலைந்து நிமிடத்தில் கரண்டியை மேலே வைத்தால் மூழ்காமல் நிற்கும். இஞ்சியில் இருக்கிற ஒரு நொதிதான் பாலைத் தயிர்போல இறுக்குகிறது. கொதிக்கிற பாலை ஊற்றினால் அந்த நொதி செத்துப்போய்ப் பால் தண்ணீராகவே நிற்கும். சாற்றைப் பிழிந்து நேரம் கழித்துச் செய்தாலும் அப்படித்தான். நம்ம எருமைப்பாலில் வீட்டில் செய்து பார்க்கலாம், நன்றாக வரும்.

சாப்பிட்டபின் ஷாமியன் தீவு. 1-ஆம் லைனில் ஹுவாங்ஷா நிலையம். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வைத்திருந்த குடியிருப்பு. பழைய கல் கட்டடங்கள், பெரிய பெரிய ஆலமரங்கள். கட்டணமில்லை. நிழலில் அரைமணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் போதும். நேரம் குறைவென்றால் விட வேண்டியது இதைத்தான்.

விடக் கூடாதது நன்யுவே அரசர் கல்லறை அருங்காட்சியகம். 1-ஆம் லைனில் கோங்யுவான்சியான் போய், 2-ஆம் லைன் மாறி, இரண்டாவது நிலையம் யுவேசியூ பூங்கா. 1983-இல் கட்டடம் கட்ட மேட்டைத் தோண்டியபோது கிடைத்த கல்லறை, 2,100 வருஷத்துக்கு மேல் பழையது. அரசர் ஜாவ் மோவை 2,291 பச்சைக்கல் துண்டுகளில் தைத்த உடையில் வைத்துப் புதைத்திருந்தார்கள். வடக்கே கிடைத்த பெயர்பெற்ற பச்சைக்கல் உடைகள் தங்கக் கம்பியிலும் வெள்ளிக் கம்பியிலும் கோத்தவை. இது பட்டுநூலில் கோத்தது. தையல் தெரிந்தவர்கள் குனிந்து நின்று துளைகளைப் பார்க்க வேண்டும். அதே கல்லறையில் பாரசீக வெள்ளிப் பேழையும் ஆப்பிரிக்க யானைத் தந்தமும் கிடைத்திருக்கின்றன. நொய்யல் கரையில் கொடுமணலில் மணி கோத்து வெளிநாட்டுக்கு அனுப்பியவர்களின் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு அந்தப் பேழை தூரத்துப் பொருளாகத் தெரியாது. பாஸ்போர்ட் அசலைக் கையில் வைத்திருங்கள். அரசு அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஓய்வுநாள் திங்களில் விழுந்தால் முதல்நாளே விசாரித்துவிடுங்கள். நாலு மணிக்குள் உள்ளே போய்விட வேண்டும்.

கடைசியாக 600 மீட்டர் உயரக் கேன்டன் டவர். மேலே ஏறச் சீட்டு 150 யுவானில் தொடங்குகிறது. ஏப்ரல் ஃபேருக்குப் போகிறவர்கள் ஏறவே வேண்டாம். அந்த மாதம் ஈரமும் மூட்டமும், மேலே போனால் வெள்ளைத்திரைதான் தெரியும். அக்டோபரில் வானம் தெளிவாக இருந்தால் ஏறலாம். எப்படியானாலும் கோபுரத்தின் அழகு கீழே, ஆற்றுக்கு எதிர்க்கரையில் இருக்கிற ஹுவாசெங் சதுக்கத்திலிருந்து பார்க்கும்போதுதான். விளக்கு போட்டபின் காசில்லாமல் பார்க்கலாம்.

டவருக்குப் போக 3-ஆம் லைனில் தியூ சிலூ நிலையம் வழியாகப் போகச் சொல்வார்கள். சாயங்காலம் ஐந்தரை முதல் ஏழரை வரை அந்த நிலையத்தில் மாற வேண்டாம், நின்ற இடத்திலிருந்து நகர முடியாத கூட்டம். 2-ஆம் லைனில் தெற்கே சாங்காங் வந்து, 8-ஆம் லைனில் கேசுன், அங்கிருந்து 3-ஆம் லைனில் ஒரே ஒரு நிலையம்தான் டவர். வந்த கேசுனுக்கே திரும்பி 8-ஆம் லைனைப் பிடித்தால் நேராகப் பசோ. மெட்ரோ இரவு 11 மணி வாக்கில் நின்றுவிடும். பத்தரைக்கு நடைமேடையில் இருந்தால் பயமில்லை.