ஃபைபர் நெட்டை கட் பண்ணிட்டு வைஃபை பாக்ஸைத் திருப்பிக் குடுக்குறது: நெட்டுக்கு 4 ஸ்டார், கழட்டி விடுறதுக்கு 1

மொதல்லயே சொல்லிர்றேன், நெட்டுல குறை ஒண்ணும் கிடையாது. மதுரை பழங்காநத்தத்துல இருந்த வரைக்கும் 100 எம்பிபிஎஸ் பிளான்ல ராத்திரி எல்லாரும் படம் பாக்குற நேரத்துலயும் 80க்குக் கீழ எறங்குனதில்ல, மழைக்குக் கொப்பு ஒடிஞ்சு விழுந்து வயர் அறுந்தாக்கூட லைன்மேன் தம்பிக்கு ஒரு போனைப் போட்டா அன்னைக்கே ஏணியத் தூக்கிட்டு வந்துருவாப்ல. அதுக்கு 4 ஸ்டார் தாராளமா குடுக்கலாம். நான் எழுத வந்தது இவங்கள விட்டு வெளிய வர்ற வழியப் பத்தி. கம்பெனி பேரு போடல, பேரைப் போட்டுட்டு அப்புறம் அவங்க கூட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்ல, தவிர விசாரிச்சுப் பாத்ததுல மத்த கம்பெனிலயும் பெருசா வித்தியாசம் இருக்குற மாதிரி தெரியல.

நாங்க ஒத்தக்கடை தாண்டி நரசிங்கம் பக்கம் வீடு மாறிட்டோம். அங்கிட்டு இவங்களுக்கு லைனே கிடையாது, அவங்க ஆப்புலயே புது அட்ரஸ் போட்டா ‘உங்கள் பகுதியில் சேவை இல்லை’ன்னு வருது. சரி கட் பண்ணிருவோம்னு பாத்தா, ஆப்புல பிளான் ஏத்துறதுக்கு பட்டன் இருக்கு, இன்னொரு கனெக்‌ஷன் எடுக்க பட்டன் இருக்கு, ஃப்ரெண்டைச் சேத்து விட்டா காசுன்னு ஒரு பட்டன் இருக்கு, கட் பண்றதுக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. கஸ்டமர் கேருக்குத்தான் அடிக்கணும். அடிச்சா அந்தப் பொண்ணு ‘தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம் சார்’னு செய்தி வாசிக்கிற மாதிரி ஆரம்பிச்சு, ஆறு மாசத்துக்குப் பாதி விலைன்னு ஆஃபர் குடுக்குது. அம்மா, நான் போற ஊர்ல உங்க வயரே இல்லம்மான்னா, ‘புரிகிறது சார், அப்படியென்றால் மூன்று மாதம் இலவசம்’. இல்லாத லைன்ல இலவசமா என்னத்த ஓட்ட?

ஒருவழியா ரிக்வெஸ்ட் போட்டாங்க. இங்க ஒண்ணு கவனிங்க, போன்ல ‘கட் பண்ணியாச்சு சார்’னு சொன்னா அது கட் இல்ல. ரிக்வெஸ்ட் நம்பர் எஸ்எம்எஸ்ஸா வரணும், எந்தத் தேதில இருந்து கட்டுன்னு அதுல இருக்கணும். எனக்கு எஸ்எம்எஸ் வந்துச்சு, ‘எங்கள் பிரதிநிதி வந்து சாதனத்தைப் பெற்றுக்கொள்வார்’னும் போட்டிருந்துச்சு. அந்தப் பிரதிநிதி வரவே இல்ல. ஆனா பாக்ஸ் குடுக்கலைன்னா 2,500 ரூபா கட்டணும்னு மெசேஜ் மட்டும் தவறாம வந்துச்சு. அப்புறம் ஏதோ ஏஜென்சில இருந்து ஒருத்தர் போனைப் போட்டு சிபில்ல ஏத்திருவோம்னு மெரட்டுறாரு. ஐயா, பாக்ஸ் மேசை மேல இருக்கு, வந்து எடுத்துட்டுப் போங்கன்னா, அது வேற டிபார்ட்மெண்ட்டாம். சீட்டுக் கம்பெனிக்காரன் சேக்குறப்ப வீட்டுப்படி ஏறி வருவான், பணம் கேட்டா நாமதான் அவன் படி ஏறணும், அதே கதை.

சரின்னு நானே பைபாஸ் ரோட்டுப் பக்கம் இருக்குற அவங்க ஆபீஸுக்குக் கொண்டு போனேன். இங்கதான் கதை கொஞ்சம் திரும்புது. இது கம்பெனி நேரா நடத்துற ஆபீஸ் இல்ல, ஃபிராஞ்சைஸ். மாடிப்படிக்குக் கீழ ஒரு ரூம்பு, ரெண்டு மேசை, மூலையில பழைய பாக்ஸா குமிச்சு வச்சு ஒவ்வொண்ணுலயும் அடாப்டர் வயர ரப்பர் பேண்டு போட்டுச் சுத்தி வச்சிருக்காங்க. ஒரு இருபத்தஞ்சு வயசுத் தம்பி, ‘வாங்கண்ணே, உக்காருங்க’ன்னு சேர இழுத்துப் போட்டாப்ல. பாக்ஸை வாங்கித் திருப்பி, அடியில இருக்குற ஸ்டிக்கரப் பாத்து சீரியல் நம்பர கம்ப்யூட்டர்ல அடிச்சாப்ல. அடிச்சுட்டு ஸ்கிரீனப் பாக்குறாப்ல, ஸ்டிக்கரப் பாக்குறாப்ல, திரும்ப ஸ்கிரீன். ‘அண்ணே, இது உங்க பேர்ல இருக்குற பாக்ஸ் இல்லையேண்ணே.’

எனக்குத் தலை சுத்திருச்சு. அன்னைக்கு மாட்டுனது இது, இன்னைக்குக் கழட்டுனது இது, நடுவுல வேற பாக்ஸ் எங்க இருந்து வரும்? அந்தத் தம்பி கூலா, ‘இருங்கண்ணே, 8, பி (B) பிரச்சினையா இருக்கும்’னு சொன்னாப்ல. இந்த ஃபைபர் பாக்ஸோட சீரியல் நம்பர்ல மொத நாலு எழுத்து தயாரிச்ச கம்பெனியோட கோடு, அடுத்த எட்டும் ஹெக்ஸ் நம்பர், அதாவது 0ல இருந்து 9 வரைக்கும், அப்புறம் இங்கிலீஷ் எழுத்து ஏ (A) இருந்து எஃப் (F) வரைக்கும் மட்டும்தான் வரும். அந்த எட்டுக்குள்ள ஓ (O)ங்கிற எழுத்துக்கு எடமே இல்ல, வட்டமா ஒண்ணு இருந்தா அது சைபர்தான். ஆனா 8ம் வரும் பியும் வரும். பாக்ஸ் சூட்டுல வருஷக்கணக்கா வெந்த ஸ்டிக்கர்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மாட்டுன அன்னைக்கு யாரோ பியை 8னு ஏத்தி வச்சிருக்காங்க. நெட்டு ஓடுறதுக்கு லைனுக்கு அந்தப் பக்கம் இருக்குற மெஷின் பாக்ஸ்கிட்ட இருந்தே நம்பர எடுத்துக்குமாம், அதனால இத்தனை நாளும் ஓடிருச்சு. கஸ்டமர் பேருக்கு நேரா இருக்குற லிஸ்ட்ல மட்டும் தப்பு நம்பர்.

அப்புறம் தம்பி பண்ண வேலைதான் எனக்குப் பிடிச்சது. பாக்ஸை அங்கயே பிளக்குல சொருகி, லேன் வயரு மாட்டி, பிரவுசர்ல பாக்ஸோட அட்ரஸ் 192.168.1.1னு அடிச்சு உள்ள போயி, டிவைஸ் இன்ஃபர்மேஷன் பக்கத்தத் தொறந்து காட்டுனாப்ல. அங்க சீரியல் பளிச்சுன்னு இருக்கு, பி தான். சில பாக்ஸ்ல அந்த மொத நாலு எழுத்தும் எழுத்தா வராம எட்டு இலக்க நம்பரா மாறி வருமாம், அதப் பாத்து இது வேற நம்பர்னு பயந்துராதீங்க, கடைசி எட்டை மட்டும் ஒத்துப் பாத்தாப் போதும்னாப்ல. ஸ்கிரீன போட்டோ எடுத்து மேல யாருக்கோ அனுப்பி, போன்லயே நின்னு மாத்த வச்சாப்ல. நடுவுல டீ வேற வந்துச்சு. கஸ்டமர் கேர்ல வருத்தம் தெரிவிச்ச பொண்ணுங்க எல்லாரும் சேந்து செய்யாத வேலைய ஒத்த ஆளா செஞ்சு முடிச்சாப்ல. அந்தத் தம்பிக்கு மட்டும் தனியா ஸ்டார் குடுக்க வழி இருந்தா 5 போட்டிருப்பேன்.

ரசீது விஷயத்துல மட்டும் கொஞ்சம் இழுத்தாப்ல. ‘சிஸ்டத்துல ஏறிருச்சுண்ணே, மெசேஜ் வரும்’னாப்ல. மெசேஜ் வர்றப்ப வரட்டும் தம்பி, எனக்கு எழுதிக் குடுன்னு நின்னேன். கடைசில லெட்டர்பேடுல பாக்ஸ் ஒண்ணு, அடாப்டர் ஒண்ணு, சீரியல் நம்பர், தேதி, கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் போட்டுக் குடுத்தாப்ல. இதுல சங்கோஜமே படாதீங்க. அடாப்டர்னு எழுதலைன்னா அடாப்டர் வரலைன்னு அதுக்குத் தனியா பில்லு போட்டாலும் போடுவாங்க, என் பழைய வீட்டுக்கு எதிர்த்த வீட்டு அக்காவுக்கு அப்படித்தான் ஆச்சு. பச்சைக் கனெக்டர் வச்ச வயரு, போஸ்ட்ல இருந்து வீட்டுக்குள்ள வருதுல்ல, அத யாரும் கேக்கல, அப்படியே விட்டுட்டேன்.

குடுக்குறதுக்கு முன்னாடி ரீசெட் ஓட்டையில ஒரு ஊக்க விட்டுப் பத்து செகண்டு அமுக்கிப் பிடிங்க. நம்ம வைஃபை பேரும் பாஸ்வேர்டும் அதுக்குள்ளயே உக்காந்திருக்கும், அந்த பாக்ஸ் அடுத்து எந்த வீட்டுக்குப் போகுதோ யாருக்குத் தெரியும். பாக்ஸ் நல்லா எரியுதுன்னு லைட்டோட ஒரு போட்டோவும் எடுத்துக்கோங்க. ஃபைபர் வயரக் கழட்டுனா எல்ஓஎஸ்னு ஒரு லைட்டு சிவப்பா மினுங்கும், அது ரிப்பேர் இல்ல, ஃபைபர் வயர் வழியா வெளிச்சம் வரலைங்குற அர்த்தம் அம்புட்டுதான்.

அடுத்து டெபாசிட். சேரும்போது என்கிட்ட மொத்தமா ஒரு காசு வாங்குனாங்க, அதுல எது டெபாசிட் எது இன்ஸ்டலேஷன்னு கேட்டா கஸ்டமர் கேர்ல ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க. மொத பில்ல எடுத்துப் பாருங்க. திரும்பக் குடுக்குற டெபாசிட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது, இன்ஸ்டலேஷன் மாதிரி சேவைக்கு 18% உண்டு. ஒரு தொகைக்கு நேரா ஜிஎஸ்டி போட்டிருந்தா அது திரும்பி வராத காசுன்னு வச்சுக்கலாம். என் பில்லுல 1,500 ரூபா வரி இல்லாம தனியா நின்னுச்சு, அதப் படம் பிடிச்சு அனுப்புன பிறகுதான் ‘ஆமாம் சார், உள்ளது’ன்னாங்க. நான் அப்ப லைன்மேன் தம்பி கையில ரொக்கமா குடுத்ததால, கேன்சல் பண்ண செக்கு ஒண்ணு ஸ்கேன் பண்ணிக் கேட்டாங்க, அது நியாயம்தான்.

ரீஃபண்ட் எப்ப வரும்னு கேட்டா ‘பிராசஸ்ல இருக்கு சார்’. இந்த பிராசஸுக்கு ஒரு எல்லை இருக்கு. ட்ராய், அதான் டெலிகாம் கம்பெனிகளுக்கு விதி போடுற அரசு ஆணையம், 2006ல கொண்டு வந்த பிராட்பேண்ட் விதியிலயே கனெக்‌ஷன் முடிஞ்சு 60 நாளுக்குள்ள டெபாசிட்டத் திருப்பணும்னு இருந்துச்சு, 2024ல அதுக்குப் பதிலா புது விதி போட்டாங்க, அதுலயும் ரீஃபண்டுக்குக் கெடு உண்டு. ஆனா ட்ராய்க்கு நேரா எழுதிப் பிரயோஜனம் இல்ல, அவங்க தனித்தனி ஆளோட புகார எடுத்து விசாரிக்கிறதில்ல. கம்பெனிலதான் மொதல்ல புகார் போட்டு டாக்கெட் நம்பர் வாங்கணும், அது சரியா வரலைன்னா அதே கம்பெனில அப்பீல் அத்தாரிட்டின்னு ஒருத்தர் இருக்கணும், 2012 விதிப்படி அவரு 39 நாளுக்குள்ள முடிவு சொல்லணும், அப்பீலுக்குக் காசு கிடையாது. நான் கஸ்டமர் கேர்ல ‘அப்பீல் அத்தாரிட்டி மெயில் ஐடி குடுங்க’ன்னு கேட்ட ஒத்த வார்த்தைக்கே அந்த அம்மா குரல் மாறிருச்சு. மெயில் அனுப்புறதுக்குள்ளயே பணம் அக்கவுண்ட்டுல ஏறிருச்சு, அதுலயும் கட் ஆன பிறகு ஓடாத நாளுக்குன்னு 212 ரூபா பிடிச்சுக்கிட்டுத்தான். அந்த 212க்கு டாக்கெட் போட்டு வச்சிருக்கேன், வரலைன்னா 1915க்கு, அதான் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு அடிக்கப் போறேன். வீட்டுல ‘இருநூறு ரூபாய்க்கா இம்புட்டு மெனக்கெடுற’ன்னு கேக்குறாங்க. ஆமா, அதுக்குத்தான்.

அந்த ஆபீஸுக்குப் போறவங்க காலைல பத்தரைக்கு மேல போங்க, மத்தியானம் ஒன்றரைக்கு ஷட்டர பாதி எறக்கிட்டுச் சாப்பிடப் போயிருவாங்க, ஞாயித்துக்கெழமை லீவு. வண்டிய வாசல்ல நிப்பாட்டுனா பக்கத்து டயர் கடைக்காரர் ஒரு பார்வை பாப்பாரு, எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில நிப்பாட்டிக்கலாம். கூடவே ஐடி ஜெராக்ஸ், மொத பில்லு, ரிக்வெஸ்ட் நம்பர் வந்த எஸ்எம்எஸ், அடாப்டர்.