விரல் எலும்பு முறிவா? "ப்ளேட்தான் ஸ்ட்ராங்" என்று சொன்னால் உடனே பணம் கட்டாதீர்கள்

விரல் எலும்போ உள்ளங்கை எலும்போ முறிந்து போய் நிற்கும்போது, "கம்பி வீக், ப்ளேட்தான் ஸ்ட்ராங், அதையே வைத்துவிடலாம்" என்று ஒரு மருத்துவமனையில் சொன்னால், கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். என் தம்பிக்கு நடந்தது இது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறான். வண்டி சறுக்கி விழுந்ததில் வலது கை மோதிர விரலின் அடி எலும்பு சாய்வாக முறிந்தது. தோல் கிழியவில்லை. எலும்பு நொறுங்கவில்லை, இரண்டே துண்டு. இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தனியார் மருத்துவமனையில் எங்களிடம் அதிக நேரம் பேசியது டாக்டர் இல்லை, பேக்கேஜ் சொல்பவர். கம்பி போட்டால் 28,000 ரூபாய், இம்போர்டட் டைட்டானியம் ப்ளேட் என்றால் 95,000 என்றார். வித்தியாசம் ஏன் என்று கேட்டதும் லேமினேட் செய்த ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். அதில் எது எவ்வளவு சுமை தாங்கும் என்று காட்டும் பட்டைகள் வரிசையாக: ஓரத்தில் குட்டையாகச் சிவப்பில் கம்பி, உச்சியில் பச்சையில் ப்ளேட். "சார், இது லேப்ல டெஸ்ட் பண்ணினது. கை வேலை பார்க்கிறவரு, கம்பி தாங்காது" என்றார். அம்மாவின் வளையலை அடகு வைத்துப் பணம் கட்டினோம்.

அந்த அட்டையை மொபைலில் படம் எடுத்து வைத்திருந்தேன். பிறகு பெரிதாக்கிப் படித்தால், கீழே பொடி எழுத்தில் சோதனை விவரம் இருக்கிறது. சோதித்தது செயற்கை எலும்பில். அதுவும் உள்ளங்கை எலும்பு, விரல் எலும்பு இல்லை. ஒரு பக்கம் 2 மி.மீ. ஸ்க்ரூ போட்ட ப்ளேட், இன்னொரு பக்கம் 1 மி.மீ. கம்பி ஒன்றே ஒன்று. சாய்வு முறிவுக்குப் பெரும்பாலும் ஒற்றைக் கம்பியோடு நிறுத்துவதில்லை, இரண்டாவது போடுவார்கள். கம்பியின் தடிமனும் சின்ன விஷயம் இல்லை. வளையாமல் நிற்கும் தன்மை விட்டத்தின் நான்காம் படியில் ஏறும். 1 மி.மீ. கம்பிக்குப் பதில் 1.2 மி.மீ. போட்டாலே விறைப்பு இரண்டு மடங்கு. அதாவது அந்தச் சிவப்புப் பட்டை குட்டையாகத் தெரியும்படியே ஒப்பீடு அமைந்திருந்தது.

பட்டைகள் முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. சோதனைக்கூடத்தில் வளைத்துப் பார்த்தால் ப்ளேட்டும் ஸ்க்ரூவும் சேர்ந்ததுதான் பெரும்பாலும் அதிகச் சுமை தாங்கும், வெறும் கம்பி கீழே இருக்கும். கம்பியோடு மெல்லிய உலோகக் கயிறும் சேர்த்துக் கட்டினால் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஆனால் அந்தச் சோதனைகள் பலவற்றில் என்ன செய்கிறார்கள்? செயற்கை எலும்பையோ பன்றி எலும்பையோ இறந்தவர் எலும்பையோ மெஷினில் வைத்து, உடையும் வரை அழுத்துகிறார்கள். அதில் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் இல்லை, தோல் இல்லை, வீக்கம் இல்லை.

உயிரோடு இருக்கும் விரலுக்கு எவ்வளவு பலம் தேவை? எதையும் பிடிக்காமல் விரலை மட்டும் மடக்கி நீட்டினால், மடக்கும் நாணில் வரும் இழுவிசை 35 நியூட்டன் வரை போகும் என்று அளந்திருக்கிறார்கள். நுனியால் அழுத்திக் கிள்ளினால் 120 வரை. முதல் சில வாரங்களில் நோயாளி செய்ய வேண்டியது வெறுமனே மடக்கி நீட்டுவது மட்டும்தான், பளு தூக்குவது இல்லை. அதைத் தாங்கும் அளவுக்குப் பிடிமானம் இருந்தால் போதும். அதற்கு மேல் இருக்கும் பலத்துக்கு விரல் வேறு விதத்தில் விலை கொடுக்கிறது.

அது என்ன விலை என்பதுதான் எங்களுக்கு யாரும் சொல்லாதது. விரலின் அடி எலும்பை மூன்று பக்கமும் போர்த்தியபடி நீட்டும் நாண் ஓடுகிறது. எலும்புக்கும் நாணுக்கும் நடுவே இடமே கிடையாது. அந்த நாணை விலக்கி, எலும்பின் மேல் சவ்வைச் சுரண்டி, சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் உலோகத்தை வைத்தால், ஆறும்போது நாண் அதோடு ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். 1998ல் பேஜ், ஸ்டெர்ன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் தங்களிடம் ப்ளேட் வைத்தவர்களைத் திரும்பிப் பார்த்து எழுதினார்கள். மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட முறிவுகளில் பெரிய சிக்கல். உள்ளங்கை எலும்பில் அசைவு பரவாயில்லை, விரல் எலும்பில் மிக மோசம். எங்களிடம் காட்டிய அட்டை உள்ளங்கை எலும்பைப் பற்றியது, தம்பிக்கு முறிந்தது விரல் எலும்பு. இந்த ஒரு இடம்தான் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவைக்கிறது.

இதைவிடப் பெரிய அநியாயம் ஆபரேஷனுக்கு அப்புறம் நடந்தது. ப்ளேட்டின் பலத்துக்குக் காசு கொடுப்பதே சில நாட்களில் விரலை அசைக்கத் தொடங்கத்தான். அசைத்தால்தான் நாண் ஒட்டாது. ஆனால் தம்பிக்கு முழங்கை வரை மாவுக்கட்டு போட்டு, ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே விட்டார்கள். அதுவும் விரல்கள் அரைகுறையாகச் சுருண்ட நிலையில். கட்டிப் போடத்தான் வேண்டும் என்றால் அடி மூட்டை 70 முதல் 90 டிகிரி மடக்கி, மற்ற இரண்டு மூட்டுகளையும் நேராக வைத்துக் கட்டுவதுதான் முறை. அப்போதுதான் மூட்டைப் பிடித்திருக்கும் நார்கள் சுருங்காது. பிசியோ எப்போது என்று கேட்டால், "எலும்பு கூடட்டும், அவசரப்படாதீங்க" என்றே பதில் வந்தது.

கட்டைப் பிரித்த அன்று எக்ஸ்ரேவில் எலும்பு அழகாகக் கூடியிருந்தது. விரல் மட்டும் மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை. நடு மூட்டு பாதி வளைந்த நிலையிலேயே நின்றுவிட்டது. கத்தரிக்கோல் வளையத்துக்குள் விரல் நுழையாமல் அவன் திணறியதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

கோவையில் கை அறுவை சிகிச்சை மட்டும் பார்க்கும் ஒரு டாக்டரிடம் போனோம். இந்த முறிவை மூடியபடியே சரிசெய்து இரண்டு கம்பி போட்டிருக்கலாம், அல்லது சாய்வின் குறுக்கே சின்ன ஸ்க்ரூ போட்டிருக்கலாம் என்றார். எலும்பு நொறுங்கியிருந்தாலோ, ஒரு துண்டு காணாமல் போயிருந்தாலோ, பல எலும்புகள் சேர்ந்து முறிந்திருந்தாலோ ப்ளேட் சரியான தேர்வு என்றும் சொன்னார். கம்பிக்கும் குறை உண்டு: வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் சீழ் பிடிக்கலாம், தளரலாம். ஆனால் பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் ஓ.பி.யிலேயே உருவிவிடலாம். ப்ளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டும். தம்பிக்கு அதுதான் நடந்தது. விரலை மட்டும் மரத்துப்போகச் செய்து, விழித்திருக்கும்போதே ப்ளேட்டை எடுத்து, ஒட்டிய நாணை விடுவித்து, மேசையிலேயே அவனை மடக்கி நீட்டச் சொன்னார்கள். இப்போது முக்கால்வாசி மடங்குகிறது. பழைய வேகம் வரவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால் "எது ஸ்ட்ராங்?" என்று கேட்காதீர்கள். "எந்த நாளில் விரலை அசைக்க ஆரம்பிக்கலாம், அதைத் தாங்க எது போதும்?" என்று கேளுங்கள். ஆபரேஷன் தேவையா என்பதையே முதலில் கேளுங்கள். கை மடக்கும்போது விரல் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல், எலும்பு நகராமல் இருக்கும் முறிவுகள் பல வெறும் கட்டுப் போட்டாலே சரியாகும். அரசு மருத்துவமனையைக் குறைத்து நினைக்காதீர்கள். சென்னை ஸ்டான்லியில் கைக்கென்றே தனிச் சிகிச்சை மையம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது.

பில்லில் "இம்ப்ளான்ட் செட்" என்று ஒரே வரி மட்டும் இருந்தது. கம்பெனி பெயர் இல்லை, லாட் நம்பர் ஸ்டிக்கர் இல்லை. இதய ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்ட்டுக்கும் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் 2017ல் அரசு விலை உச்சவரம்பு வைத்தபோது, முறிவுக்கு வைக்கும் ப்ளேட்டும் ஸ்க்ரூவும் அதில் வரவில்லை. அதனால் பெட்டியில் அச்சிட்ட விலையைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். சிகிச்சைப் பதிவுகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறி விதிகள் சொல்கின்றன. நாங்கள் அப்படிக் கேட்டு வாங்கிவிட்டோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தயாராகிறது. 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதே மாதிரி அட்டையை வேறு ஊரில் யாராவது காட்டியிருந்தால் அதைப் படம் எடுத்து வையுங்கள், பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.