கம்ப்ரசர் அறை வரை எட்டும் சிக்னல் எது? வைஃபை, தனியார் 5ஜி, லோரா

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் நான் பராமரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் தொழிற்கூடத்தின் கடைசி மூலையில் கம்ப்ரசர் அறை இருக்கிறது. மூன்று பக்கம் கான்கிரீட் சுவர், மேலே தகரக் கூரை, நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு காற்றுத் தொட்டி. தர்மபுரியிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர், மோட்டாரின் பின்பக்க பேரிங்கிலிருந்து வந்த கரகரப்பைக் கோயம்புத்தூரில் இருக்கும் மூத்த பொறியாளருக்கு எங்கள் வைஃபை வழியாக வீடியோ அழைப்பில் காட்டப் போனார். வாசலைத் தாண்டியதும் படம் உறைந்துவிட்டது. கிரீஸ் படிந்த கையால் கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, "அண்ணா, கேட்கிறதா அண்ணா?" என்று அவர் கத்திக்கொண்டிருந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பேரிங்கை மறுநாள்தான் கழற்றினோம். அதற்குள் ஷாஃப்டும் தேய்ந்திருந்தது.

ஆய்வுக்கும் பழுதுபார்ப்புக்கும் எந்தக் கம்பியில்லா வசதி ஏற்றது என்று யார் கேட்டாலும் எனக்கு அந்தக் காட்சிதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அன்று தவறு வைஃபையின் வேகத்தில் இல்லை. வைஃபையில் எந்த ஆக்சஸ் பாயின்டோடு (சிக்னலைப் பரப்பும் பெட்டியோடு) இணைந்திருப்பது என்பதைப் பெரும்பாலும் கைபேசியே முடிவு செய்கிறது. பழைய சிக்னல் நூலாக மெலிந்த பிறகும் அதை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் கைபேசிகள் ஏராளம். 5ஜியில் இது தலைகீழ். கைபேசி அளந்து சொல்லும்; எப்போது எந்த நிலையத்துக்கு மாற வேண்டும் என்பதை வலையமைப்பு தீர்மானிக்கும். நடந்துகொண்டே வேலை செய்பவருக்கு இந்த ஒரு வேறுபாடு, விளம்பரங்களில் வரும் மெகாபிட் கணக்குகள் எல்லாவற்றையும்விடப் பெரிது.

வைஃபைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பீன்யாவில் ஷெட்டுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான். அவற்றைப் பக்கத்து ஷெட்டுகளின் ரவுட்டர்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் கான்கிரீட்டைத் துளைக்கும் திறன் குறைவு.

அப்படியானால் தனியார் 5ஜிக்குப் போய்விடலாமா? தொழிற்சாலைகள் தமக்கென்று தனி வலையமைப்பு வைத்துக்கொள்வதற்கான வழிகாட்டுதல்களை மத்திய தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூனில் வெளியிட்டது. தொலைத்தொடர்பு நிறுவனத்தைக் கொண்டே அமைத்துக்கொள்ளலாம். அதன் அலைக்கற்றையைக் குத்தகைக்கு எடுத்தும் நடத்தலாம். திறந்தவெளி யார்டு, நகரும் கிரேன்கள், ஏக்கர் கணக்கில் பரவிய ஆலை என்றால் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். ஆனால் இரண்டு ஷெட்டும் முப்பது மோட்டாரும் உள்ள கூடத்துக்கு இது தாங்காத செலவு. ரேடியோ, மைய சர்வர், சிம், ஆண்டுப் பராமரிப்பு என்று எல்லாம் சேரும். பழுது வந்தால் சரிசெய்யத் தெரிந்த ஆள் நம்மிடம் இருக்கமாட்டார்.

லோரா வேறு வகை: சென்சார்களின் சின்னஞ்சிறு செய்திகளைக் குறைந்த மின்சாரத்தில் தொலைவுக்கு அனுப்பும் கம்பியில்லா முறை. அது இயங்கும் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை இந்தியாவில் உரிமம் வேண்டியதில்லை. அலைநீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அது வெறும் 12.5. அதனால் சுவர்களைத் தாண்டி நன்றாகவே வருகிறது, சென்சாரின் பேட்டரியும் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. ஆனால் அதன் தொண்டை மிகக் குறுகல். பேரிங் பழுதைக் கண்டுபிடிக்க அதிர்வை நொடிக்கு 25,600 முறை அளந்தால், ஓர் அளவுக்கு இரண்டு பைட் என்று வைத்தாலும், ஒரு நொடிப் பதிவுக்கே 51,200 பைட் ஆகிவிடுகிறது. லோராவின் மிக மெதுவான நிலையில் ஒரு செய்திக்கு 51 பைட்தான் இடம். ஆயிரம் செய்திகளுக்கு மேல் அனுப்ப வேண்டும்! யாராவது லோராவில் முழு அதிர்வு அலையையும் அனுப்பலாம் என்று விற்க வந்தால் இந்தக் கணக்கை அவர் முன்னால் போட்டுக் காட்டுங்கள். வெப்பநிலை, மொத்த அதிர்வு அளவு போன்ற ஒற்றை எண்களுக்கு அது அருமையானது. எண் ஏறினால் ஆளை அனுப்பி, அருகில் நின்று புளூடூத் வழியாக முழுப் பதிவையும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆலைகளின் அளவீட்டுக் கருவிகள் பேசிக்கொள்ளும் ஹார்ட் என்ற முறையின் கம்பியில்லா வடிவமான வயர்லெஸ்ஹார்ட், ரசாயன ஆலைகளுக்கும் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் பொருந்தும். ஏற்கெனவே ஹார்ட் கருவிகள் இல்லாதவர்கள் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

எங்கள் கூடத்துக்கு நான் தேர்ந்தெடுத்தது கலவைதான். நிற்கும் இயந்திரங்களுக்கு லோரா, நடக்கும் மனிதர்களுக்கு வைஃபை. கம்ப்ரசர் அறைக்கு உள்ளேயே ஓர் ஆக்சஸ் பாயின்ட் வைத்தோம். மற்றவற்றின் அனுப்பு திறனைக் குறைத்தோம், கைபேசி பழையதைச் சீக்கிரம் விடட்டும் என்பதற்காக. ஆய்வுப் படிவம் கைபேசியிலேயே பதிவாகி, சிக்னல் கிடைத்ததும் தானாகச் சேரும்படி மாற்றினோம். இந்தக் கடைசி மாற்றத்துக்குத்தான் மிகக் குறைவாகச் செலவானது, மிக அதிகமாகப் பயன்பட்டதும் அதுவே.

எதை வாங்கினாலும், சிக்னல் அளக்க வருபவரை ஞாயிற்றுக்கிழமை வரவிடாதீர்கள். அன்று ஷட்டர்கள் திறந்திருக்கும், தளம் காலியாக இருக்கும், எங்கும் சிக்னல் எட்டும். வேலைநாளில், பிரஸ் அனைத்தும் ஓடும்போது, தகடுகள் கூரை வரை அடுக்கியிருக்கும்போது வரச் சொல்லுங்கள். உங்கள் ஆளின் கைபேசியையே அவரிடம் கொடுத்து, வீடியோ அழைப்பை அணைக்காமல் கம்ப்ரசர் அறை வரை நடக்கச் சொல்லுங்கள்.