ஃப்ளஷ் டேங்க் ஒழுகினால் "முழு செட்டும் மாத்தணும்" என்பதற்கு உடனே தலையாட்டாதீர்கள்

சென்னையில் ஒரு வாடகை வீடு. டாய்லெட் டேங்கில் யாரும் ஃப்ளஷ் செய்யாமலே அவ்வப்போது தண்ணீர் நிரம்பும் சத்தம். வந்த பிளம்பர் மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தார். "உள்ள எல்லாம் போச்சு சார், முழு செட்டும் மாத்தணும்" என்றார். வேலை முடிந்ததும் பழைய சாமானைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். சத்தம் மட்டும் நிற்கவில்லை. பில்லில் முழு செட். டேங்குக்குள் மாறியிருந்ததோ தண்ணீரை உள்ளே விடும் இன்லெட் வால்வு மட்டும். பழுதே இல்லாத வால்வு அது. ஒழுகியது, ஃப்ளஷ் செய்யும் வரை தண்ணீரைக் கோப்பைக்குள் இறங்காமல் அடைத்து வைக்கும், அடியிலிருக்கும் அவுட்லெட் வாஷர்.

இந்த ஏமாற்று இவ்வளவு சுலபமாக நடப்பதற்குக் காரணம், எது ஒழுகினாலும் சத்தம் வருவது இன்லெட் வால்விலிருந்துதான். அடியில் தண்ணீர் கசிந்தால் மட்டம் இறங்கும், மிதவை இறங்கும், வால்வு திறக்கும். பாவம், பழி அதன் மேல் விழும்.

ஆளைக் கூப்பிடுமுன் எது ஒழுகுகிறது என்று நீங்களே பார்த்துவிடலாம். டேங்க் நிரம்பியதும் டேங்குக்குத் தண்ணீர் விடும், சுவரில் இருக்கும் குழாயை (ஆங்கிள் காக்) மூடுங்கள். டேங்கில் நாலைந்து சொட்டு துணி நீலம் விட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் அவுட்லெட் வாஷர் போயிருக்கிறது. தெரியாவிட்டால் இன்லெட் பக்கம்தான் கோளாறு. காக்கை மூடாமல் இதைச் செய்யக்கூடாது: அளவுக்கு மேல் ஏறும் தண்ணீரைக் கோப்பைக்குள் விடும் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகவும் நீலம் இறங்கிக் குழப்பிவிடும்.

இன்லெட் என்று தெரிந்தால் காக்கைத் திறந்து மிதவையைக் கையால் மேலே தூக்குங்கள். தண்ணீர் நின்றுவிட்டால் வால்வு நன்றாகவே இருக்கிறது, மிதவையின் உயரம்தான் அதிகம். அதிலுள்ள ஸ்க்ரூவைத் திருகி, தண்ணீர் ஓவர்ஃப்ளோ வாய்க்கு ஒரு அங்குலம் கீழேயே நிற்கும்படி வையுங்கள். செலவு ஒன்றுமில்லை. தூக்கியும் நிற்கவில்லை என்றால், பெரும்பாலும் உள்ளே மணலோ போர் தண்ணீரின் உப்போ சிக்கியிருக்கும். காக்கை மூடி, ஒருமுறை ஃப்ளஷ் செய்துவிட்டு, வால்வின் தலை மூடியைத் திருகிக் கழற்றுங்கள். வட்டமான ரப்பர் வாஷர் இருக்கும். பல மாடல்களில் அதில் ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று உண்டு. அது அடைத்தால் வாஷருக்குப் பின்னால் அழுத்தம் சேராது, வால்வு மூடாது. வாஷரை வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள். திரும்ப மாட்டுமுன் திறந்த வால்வின் மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு காக்கைச் சில நொடி திறந்துவிடுங்கள், லைனில் உள்ள மணல் வெளியே வந்துவிடும். இதைச் செய்யாமல் மாட்டினால் புது வால்வுகூட அன்றைக்கே ஒழுகலாம்.

ரப்பர் கிழிந்தோ விறைத்தோ போயிருந்தால்தான் வால்வை மாற்றவேண்டும். விலை சில நூறு ரூபாய்தான். கடைக்குப் பழையதை எடுத்துக்கொண்டு போங்கள். தண்ணீர் பக்கவாட்டில் வருகிறதா அடியில் வருகிறதா என்பதைப் பொறுத்து வால்வு மாறும்.

மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வால்வின் அடியில் வரும் ரப்பர் வாஷர் டேங்குக்கு உள்பக்கம் வரவேண்டும். வெளி நட்டைக் கையால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று, போனால் அரைச் சுற்று போதும். பெரிய ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் மரை போகும், பீங்கான் டேங்க் விரிசல் விடும். அப்புறம் நிஜமாகவே டேங்க் மாற்றவேண்டியதுதான். வாஷர் உள்ள கனெக்ஷன் பைப்புக்கு டெஃப்லான் டேப் தேவையில்லை. அங்கே கட்டுக்கட்டாகச் சுற்றுகிற ஆள் வாஷரை மாற்றாமல் ஒப்பேற்றுகிறார் என்று சந்தேகப்படலாம்.

சுவருக்குள் பதித்த டேங்க் என்றால் "டைல்ஸை உடைக்கணும்" என்பார்கள். இன்லெட், அவுட்லெட் இரண்டையும் முன்னால் இருக்கும் ஃப்ளஷ் பிளேட்டைக் கழற்றி அந்தத் திறப்பு வழியாகவே வெளியே எடுக்கும்படிதான் அந்த டேங்குகளைச் செய்கிறார்கள். தண்ணீரை நிறுத்தும் சின்ன வால்வும் வழக்கமாக அதற்குள்ளேயே இருக்கும். பிளேட்டைத் தொடாமலே உளியை எடுக்கிறவரை அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

பில்லில் 'முழு செட்' என்று மொத்தமாக எழுத விடாதீர்கள், ஒவ்வொரு சாமானும் தனித்தனியாக வரட்டும். கழற்றிய பழசு மறுநாள் வரை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.